உதவி: டிஸ்கில் 600 ஜிபி காலி, ஆனாலும் 11 ஜிபி வீடியோ ஏற மாட்டேன் என்கிறது

நிலாமுற்றம்:
வணக்கம். என்னிடம் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது, அதில் 600 ஜிபிக்கு மேல் காலி. எடிட் செய்து முடித்த 11 ஜிபி வீடியோ ஒன்றை அதில் போடப் போனால், இந்த டிரைவின் கோப்பு முறைமைக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது என்று ஒரு செய்தி காட்டிவிட்டு விண்டோஸ் நின்றுவிடுகிறது. இடம் இல்லை என்று சொன்னாலாவது புரியும். சின்ன வீடியோ, படம், பாட்டு எல்லாம் எத்தனை போட்டாலும் ஏறுகிறது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன், அதே கதைதான். இதில் இன்னொரு குழப்பம் வேறு: அலுவலக மேக்கில் 4.2 ஜிபி என்று காட்டிய ஒரு கோப்பு இதே டிஸ்கில் ஒழுங்காக ஏறியது, வீட்டு விண்டோஸில் 4.2 ஜிபி என்று காட்டும் வேறொரு கோப்பு ஏறவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

மின்னல்07:
ஜிப் செய்து ஏற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

பழையவிசைப்பலகை:
டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள், ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் ஃபேட்32 என்று இருக்கும். கோப்பு முறைமை (ஃபைல் சிஸ்டம்) என்பது டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, ஃபேட்32 அதில் ஒரு பழைய வகை. அதுதான் காரணம்.

ஃபேட்32இல் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, அளவு எல்லாம் ஒரு பதிவில் எழுதப்படும். அதில் அளவுக்கு ஒதுக்கியிருப்பது 32 பிட் மட்டுமே. 32 பிட்டில் எழுத முடிகிற ஆகப் பெரிய எண் 4,29,49,67,295. ஒரு கோப்பு அத்தனை பைட் வரை போகலாம், அதற்கு மேல் ஒரு பைட் கூடக் கிடையாது. படிவத்தில் தொகைக்கு இத்தனை கட்டம்தான் என்று அச்சடித்துவிட்டால் கையில் எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேல் எழுத முடியாதல்லவா, அப்படித்தான். டிஸ்கில் எவ்வளவு காலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்தபோது வீட்டுக் கணினிகளில் முழு டிஸ்குமே ஒன்றிரண்டு ஜிபிதான், ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்று அன்றைக்கு யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

மேக் விஷயமும் இதில்தான் அடங்குகிறது. மேக்கில் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸில் 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவது, அதாவது 107 கோடிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே அதே எல்லை மேக் கணக்கில் ஏறக்குறைய 4.29 ஜிபி, விண்டோஸ் கணக்கில் சரியாக 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. மேக் காட்டிய 4.2 எல்லைக்குள் இருந்தது, விண்டோஸ் காட்டிய 4.2 தாண்டிவிட்டது. இரண்டும் ஒரே அளவுக் கோப்புகள் அல்ல.

மின்னல், வீடியோவை ஜிப் செய்து ஒரு பயனும் இல்லை. அது ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட கோப்பு, 11 ஜிபி ஜிப்பிலும் கிட்டத்தட்ட 11 ஜிபியாகத்தான் வரும். செவன்-ஜிப் என்ற மென்பொருளில் துண்டு துண்டாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது, அது வேறு. அவசரத்துக்கு ஒரு கோப்பைக் கொண்டுபோக அது போதும், ஆனால் எல்லாத் துண்டுகளையும் ஒட்டினால்தான் படம் ஓடும்.

நிலாமுற்றம்:
ஃபேட்32தான் போட்டிருக்கிறது! ஆனால் விண்டோஸில் ஃபார்மேட் செய்யப் போனால் இவ்வளவு பெரிய டிஸ்குக்கு ஃபேட்32 என்ற தேர்வே வருவதில்லையே, பிறகு இது எப்படி வந்தது? அலுவலக நண்பர் ஒருவர் முதலில் மேக்கில்தான் ஃபார்மேட் செய்து கொடுத்தார். உள்ளே 350 ஜிபி சரக்கு இருக்கிறது, அழிக்க முடியாது. வீட்டில் விண்டோஸ், அலுவலகத்தில் மேக், அவ்வப்போது டிவியிலும் செருகுவேன். என்ன செய்யலாம்?

கரையோரன்:
விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விண்டோஸின் ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது, அது விண்டோஸாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. ஃபேட்32ஆல் 2 டிபி வரை போக முடியும். மேக்கின் டிஸ்க் யுட்டிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட் என்று ஒன்று இருக்கும், உங்கள் நண்பர் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

சரக்கை அழிக்காமல் மாற்ற வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கன்வெர்ட் கட்டளையைக் கொடுத்தால் ஃபேட்32 அப்படியே விண்டோஸின் இன்னொரு கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஆகிவிடும், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் 4 ஜிபி தொல்லை கிடையாது. நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், முக்கியமானதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

பழையவிசைப்பலகை:
விண்டோஸ் மட்டும் என்றால் கரையோரன் சொல்வதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். இவர் மேக்கிலும் எழுத வேண்டும், அங்கேதான் சிக்கல். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது, எழுத வேறு மென்பொருள் போட வேண்டும். அலுவலகக் கணினியில் அதற்கெல்லாம் அனுமதி கிடைக்குமா என்பது தனிக் கதை. ஒரு முறை என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டால் கன்வெர்ட் கட்டளை திரும்பிக் கூட்டிவராது என்பதையும் மறக்க வேண்டாம்.

இவருக்குப் பொருந்துவது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை. அதில் கோப்பின் அளவுக்கு 64 பிட், அந்த எல்லையை நாம் தொடப் போவதில்லை. விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். லினக்ஸில் ஒரு காலத்தில் தகராறாக இருந்தது, 2019இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் ஃபேட்32ஐ எக்ஸ்ஃபேட் ஆக்க கன்வெர்ட் மாதிரி எதுவும் இல்லை. 350 ஜிபியையும் வேறிடத்துக்கு மாற்றி, ஃபார்மேட் செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம், எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் கிடையாது. என்டிஎஃப்எஸ், தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்து வைத்துக்கொள்ளும், பாதியில் அறுந்தால் கோப்பு முறைமையை மீட்க அது உதவும். எக்ஸ்ஃபேட்டில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஒரு கோப்பு மட்டுமல்ல, ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். இஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் செய்யாதவர்கள்தான் பிறகு கோப்பை மீட்டுத்தரும் மென்பொருள் எது என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

மின்னல்07:
டிவியில் எக்ஸ்ஃபேட் ஓடுமா?

கரையோரன்:
டிவியைப் பொறுத்தது. கையேட்டில் எந்தெந்தக் கோப்பு முறைமை என்று போட்டிருப்பார்கள். பழைய டிவி, கார் ஸ்டீரியோ எல்லாம் பெரும்பாலும் ஃபேட்32 மட்டும்தான். அதற்காக டிஸ்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், முதல் பார்ட்டிஷனை மட்டுமே பார்க்கும் கருவிகளும் இருப்பதால் நான் அதற்குள் போக மாட்டேன். டிவிக்குத் தனியாக ஒரு பென் டிரைவை ஃபேட்32இல் வைத்துக்கொள்வது மேல்.

நிலாமுற்றம்:
எக்ஸ்ஃபேட்டுக்கு மாறிவிட்டேன். சரக்கை வீட்டுக் கணினியிலும் தம்பியின் டிஸ்கிலுமாகப் பிரித்து வைத்து, விண்டோஸிலேயே ஃபார்மேட் செய்தேன். 11 ஜிபி ஏறிவிட்டது, மேக்கிலும் திறக்கிறது. டிவிதான் கண்டுகொள்ளவில்லை, அதற்குப் பென் டிரைவ்.

இப்போது வேறொன்று இடிக்கிறது. ஐகான், எழுத்துரு மாதிரிச் சின்னக் கோப்புகள் சுமார் 40,000 உள்ள ஒரு ஃபோல்டர், மொத்தம் 400 எம்பிதான். முன்பு டிஸ்கில் ஒரு ஜிபி சொச்சம் பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது 5 ஜிபி காட்டுகிறது. எதையாவது தவறாக நகலெடுத்துவிட்டேனா?

பழையவிசைப்பலகை:
இல்லை, நகல் சரிதான். டிஸ்கில் இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை, கிளஸ்டர் கிளஸ்டராகக் கொடுப்பார்கள். கோப்பு 2 கேபி ஆனாலும் ஒரு முழு கிளஸ்டர் அதற்குப் போய்விடும். இந்த அளவு டிஸ்கை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யும்போது விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்வது 128 கேபி. அதை 40,000ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 5 ஜிபி வந்துவிடும். முன்பு அநேகமாக 32 கேபி இருந்திருக்கும்.

ஃபார்மேட் சாளரத்தில் கிளஸ்டர் அளவைக் குறிக்கும் அலோகேஷன் யூனிட் சைஸ் என்ற இடத்தில் 32 கேபி தேர்ந்தெடுத்து மறுபடி ஃபார்மேட் செய்தால் குறையும். பெரிய வீடியோக்களுக்காக வைத்திருக்கும் டிஸ்கில் 4 ஜிபியை மிச்சம் பிடிக்க அத்தனை சரக்கையும் மறுபடி சுமப்பது வீண் வேலை என்பேன். அந்த ஃபோல்டரை அடிக்கடி தொடுவதில்லை என்றால் மொத்தத்தையும் ஒரே ஜிப் கோப்பாக்கி வையுங்கள், 400 எம்பிக்குள் அடங்கிவிடும், நகலெடுக்கும்போது வேகமாகவும் போகும். தம்பியின் டிஸ்கில் வைத்த நகலை இப்போதைக்கு அழிக்க வேண்டாம், புதிதாகக் கொண்டுவந்த கோப்புகளில் சிலவற்றையாவது திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள்.