சொல் வேண்டும்: குகை விளக்கைச் சுற்றிப் பிடிக்கும் பச்சை

அனைவருக்கும் வணக்கம். பார்வையாளருக்குத் திறந்துவிட்ட சுண்ணாம்புக்கல் குகைகளில், மின்விளக்கைச் சுற்றியுள்ள பாறையிலும் கல்விழுதிலும் பச்சையாக ஒன்று பிடிக்கிறதே, அதற்கு ஜெர்மன் மொழியில் லாம்பன்ஃபுளோரா என்று பெயர். ஆங்கிலத்திலும் அதையேதான் எடுத்தாள்கிறார்கள். வழிகாட்டிகளுக்கான கையேட்டில் ‘விளக்குத் தாவரம்’ என்று போடலாமா?

-----

> ‘விளக்குத் தாவரம்’ என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. அதில் நீலப்பச்சைப் பாசியும் உண்டு. அது பாக்டீரியா, தாவரமே அல்ல. ‘விளக்கு’ மட்டும் கட்டாயம் இருக்கட்டும். குகையில் ஈரத்துக்குக் குறைவில்லை. வித்துகள் காற்றிலும் சொட்டுநீரிலும் வருகிறவர்களின் உடையிலும் செருப்பிலும் தாமாகவே வந்து சேரும். இல்லாதது வெளிச்சம் ஒன்றுதான், அதையும் நாமே கொண்டுபோய் வைக்கிறோம். ‘விளக்கடிப் பசுமை’ எப்படி?

-----

‘விளக்கடி’ என்றதும் தமிழ்க் காதுக்கு இருட்டுதான் நினைவுக்கு வரும்! ‘பசுமை’யும் சரிவராது. பழுப்பாகவும் கருப்பாகவும்கூடப் படர்கிறது. தவிர, பசுமை இன்று பாராட்டுச் சொல். இதுவோ அமிலம் கசியவிட்டுக் கல்லை அரிக்கும். மேலே கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) படிந்துவிட்டால் கறை உள்ளேயே சிறைப்படும். ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1948இல் திறக்கப்பட்டு 1963இல் மூடப்பட்டதற்குப் ‘பச்சை நோய்’ என்று பேர்பெற்ற பாசிப் படர்வும் ஒரு காரணம்.

என் பரிந்துரை: விளக்குப்பாசி. நீலப்பச்சைப் பாசி, பச்சைப்பாசி இரண்டும் பெயரிலேயே பாசி. ஈரச்சுவரில் வளரும் மாஸ் (moss) என்னும் குட்டிச்செடியையும் மக்கள் பாசி என்றுதான் சொல்கிறார்கள். பெரணி மட்டும் விடுபடும். பெரணி முளைக்கும்வரை விட்டுவைத்த குகைக்குக் கலைச்சொல் அல்ல, பராமரிப்பாளர்தான் தேவை. ‘விளக்குப்பாசி பிடித்திருக்கிறது’ என்று வினையோடும் ஒட்டுகிறது. (‘பாசம்’ வேண்டாம். விளக்குமேல் அன்பு என்று படித்துவிடுவார்கள்.)

-----

சொல் நன்று. ஒரே அச்சம்: பாசி என்றதும் தண்ணீர்த்தொட்டி கழுவுகிற நினைப்பில் பிரஷ்ஷை எடுத்துவிடுவார்கள். தேய்த்தால் படிகம் கீறும், பிய்ந்த துணுக்குகள் நீரோடு போய் வேறிடத்தில் வேரூன்றும். சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) பாசியைக் கொல்லும். அதிலிருந்து வரும் குளோரின் குகை உயிரிகளையும் விடாது. அதைவிட 15% ஹைட்ரஜன் பெராக்சைடு மேல். ஆனால் அப்படியே தெளித்தால் அதுவும் கல்லைக் கரைக்கும். அதனால் சுண்ணாம்புக்கல் துண்டுகளைக் குறைந்தது 10 மணி நேரம் அதில் ஊறப்போட்டுவிட்டுப் பிறகு தெளிக்க வேண்டும்.

இவை எல்லாம் பிடித்தபின் செய்வது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும், மஞ்சளை மிகக் குறைவாக. எனவே 590 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் எல்இடி, பாறையிலிருந்து தள்ளி, ஆள் நிற்கும்போது மட்டும் எரிய வேண்டும். அப்போதும் பாசி வரும், மெதுவாக.

-----

அப்படியானால் பதிவு இப்படி:

விளக்குப்பாசி (பெ.): குகைகளில் செயற்கை ஒளியால் பாறைமேல் வளரும் பாசி, மாஸ், பெரணி முதலியவற்றின் தொகுதி. தேய்த்து நீக்கலாகாது.