எம்130 ஸ்ப்ரிங் போட்டதும் ஏர்சாஃப்ட் நின்னு போச்சு, ஞாயித்துக்கிழமை கேம்! உதவி ப்ளீஸ்

புதுசா_வந்தவன்: அண்ணா, அக்கா, யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க. இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. செகண்ட் ஹேண்ட்ல ஒரு எம்4 ஏர்சாஃப்ட் (பேட்டரியில ஓடுற, பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துப்பாக்கி) வாங்கி, பவர் பத்தலைன்னு எம்130 ஸ்ப்ரிங் போட்டேன். ஒரே ஒரு ஷாட் போச்சு. இப்ப ட்ரிகரை அழுத்தினா 'டிக்'னு சத்தம் மட்டும்தான், வயர் சூடாகுது. ஞாயித்துக்கிழமை கேம் இருக்கு. என்ன பண்றது?

ஃப்ராங்க்ஃபர்ட்_பாண்டி: முதல்ல அதை மூடி வைங்க தம்பி. குண்டோட சக்தி 0.5 ஜூலுக்கு மேல போனாலே ஐங்கோணத்துக்குள்ள 'எஃப்' முத்திரை இருக்கணும், ஆட்டோல (ட்ரிகரை அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து சுடுறது) சுடக் கூடாது. வீட்டுல உக்காந்து பவரை ஏத்துறது குத்தம், லைசென்ஸ் உள்ள மெக்கானிக்தான் கை வைக்கலாம். ஜெர்மனிக்கு வர்றவங்க இதைத்தான் முதல்ல தெரிஞ்சுக்கணும்.

வெம்ப்ளி_மச்சான்: தம்பி எந்த நாட்டில இருக்கிறார் எண்டே சொல்லேல்லை, அதுக்குள்ள ஜெர்மன் சட்டம்! துவக்குக்கு என்ன பற்றரி? ஸ்ப்ரிங் போட முதல் க்ரோனோவில (குண்டின்ர வேகத்தை அளக்கிற கருவி) என்ன வந்தது? அதுகளைச் சொல்லும். பற்றரியை இப்பவே கழட்டும், திரும்பத் திரும்ப அழுத்தினா மோட்டர் எரிஞ்சு போகும்.

புதுசா_வந்தவன்: சாரி. யுகே, லெஸ்டர். 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரி, வெர்ஷன் 2 கியர்பாக்ஸ் (மோட்டார் சுத்தி பிஸ்டனை இழுக்குற பெட்டி). 0.20 கிராம் பிபியில (பிளாஸ்டிக் குண்டு) 270 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு அடி) வந்துச்சு. பாதிக்கு மேல நீல பெயிண்ட் அடிச்சது.

க்ராய்டன்_அக்கா: அந்த நீலத்தை மறைச்சிடாத. யுகாரா (ஏர்சாஃப்ட் ஆடுறவங்க பதிவு) மாதிரி தகுதி இல்லாம கறுப்பு அடிச்சா 2006 சட்டப்படி குத்தம். அதைவிடப் பெரிய ஆபத்து உன் ஸ்ப்ரிங். எம்130ன்னா நல்ல சீல் இருந்தா விநாடிக்கு சுமார் 130 மீட்டர், 0.20 பிபியில 1.69 ஜூல். ஆட்டோல சுடுறதுக்கு இங்க சட்ட எல்லை 1.3 ஜூல், செமி (ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு) மட்டும்னா 2.5. ஆட்டோ இருக்குற துப்பாக்கி 1.3ஐத் தாண்டினா அது ஏர்சாஃப்டே இல்லை, தடை செய்யப்பட்ட ஆயுதம். வேலை செய்யாம நின்னதே நல்லதுன்னு நினைச்சுக்கோ.

மதுரை_டு_லீட்ஸ்: 11.1 வோல்ட் லிப்போ போடுங்க ப்ரோ, சும்மா இழுத்துடும்.

வெம்ப்ளி_மச்சான்: மொஸ்ஃபெட் (ட்ரிகருக்குப் போற கரண்டைக் குறைக்கிற சின்ன மின் சுவிட்ச்) இல்லாமல் 11.1 போட்டா ட்ரிகர் கொன்டாக்ட் கருகிப் போகும். அந்த ஸ்ப்ரிங்கோட அடிச்சா பிஸ்டன் பல்லும் போகும், வேர்ஷன் 2 ஷெல் (கியர்பாக்ஸ் கூடு) முன் மூலையில வெடிக்கும். ஏன் இப்பிடிச் சொல்லிக் குடுக்கிறியள்?

மதுரை_டு_லீட்ஸ்: சரி, அப்ப 6.03 மி.மீ. டைட்போர் பேரலாவது (உள் விட்டம் குறைஞ்ச குழாய்) போடட்டும்.

ஸ்லவ்_சித்தப்பா: பேரலாம், மொஸ்ஃபெட்டாம்! புதுசா வந்தவன் டெபாசிட், கவுன்சில் டாக்ஸ் கட்டிட்டு மிச்சத்துலதானே இதெல்லாம் வாங்கணும்? வெளிநாட்டுல இருந்து பார்ட்ஸ் வரவழைச்சா வாட் வரி, அதுக்கு மேல கூரியர்காரன் கையாளும் கட்டணம்னு தனியா ஒண்ணு. நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடுது, இதுல எங்க போய் விளையாடுறது...

மதுரை_டு_லீட்ஸ்: கூரியர் பத்திப் பேசினா விடிய விடியப் பேசலாம் சித்தப்பா.

க்ராய்டன்_அக்கா: தம்பி நிக்கிறான், நீங்க கூரியரைப் பேசுறீங்க. கேளுப்பா. மேகசின், பேட்டரி ரெண்டையும் கழட்டு. கிரிப் அடியில இருக்குற தகட்டை எடுத்து மோட்டாரை வெளிய எடு. ஸ்ப்ரிங் பாதி அழுந்தி நிக்கும், அதனால அந்த ஓட்டை வழியா சின்ன ஸ்க்ரூடிரைவர் விட்டு ஆன்ட்டி ரிவர்சல் லாட்சை (கியர் பின்னாடி சுத்தாம தடுக்குற கொக்கி) தள்ளி விடு. 'டப்'னு சத்தம் வந்தா பிஸ்டன் முன்னாடி போயிடுச்சுன்னு அர்த்தம். இதைச் செய்யாம ஷெல்லைப் பிரிக்காதே. பிரிக்கும்போதும் ஸ்ப்ரிங் கைடு ஓட்டையில நீள ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை நுழைச்சுப் பிடிச்சுக்கோ, இல்லாட்டி ஸ்ப்ரிங் முகத்துக்குத்தான் வரும்.

270க்குக் காரணம் பெரும்பாலும் ஸ்ப்ரிங் இல்லை, காத்து கசியுறது. சிலிண்டர், சிலிண்டர் ஹெட், நாசில் (காத்தை குண்டுக்குப் பின்னாடி விடுற சின்ன குழாய்), பிஸ்டன் நாலையும் சேர்த்து, நாசில் வாயை விரலால அடைச்சு பிஸ்டனைத் தள்ளிப் பாரு. கல்லு மாதிரி நிக்கணும். மெதுவா உள்ள போனா பிஸ்டன் ஹெட் ஓ ரிங்கை மாத்து. சிலிண்டர் ஹெட்ல ரெண்டு சுத்து பிளம்பர் டேப் போதும். நாசில்ல கசிஞ்சா உள்ள ஓ ரிங் உள்ளதா வாங்கு, ஆனா பழசோட நீளத்தை காலிபர்ல அளந்துக்கோ. எம்4 நாசில் 21 மி.மீ. சுத்திதான் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஓ ரிங்குக்கு சிலிகான் கிரீஸ், கியருக்கு லித்தியம். ரெண்டையும் மாத்திப் போட்டுடாதே.

அப்புறம் எம்100 போடு. சீல் சரியா இருந்தா 330 எஃப்.பி.எஸ். கிட்ட வரும், இந்த பேட்டரியே இழுக்கும். பல சைட்ல (விளையாடுற இடம்) 350தான் எல்லை, அது 0.20 பிபியில 1.14 ஜூல்.

வெம்ப்ளி_மச்சான்: அக்கா சொல்றது சரி. மூடினாப் பிறகு கிரிப் அடி ஸ்க்ரூவால மோட்டர் உயரத்தைப் பாரும். கீச்செண்டு கத்தினா இறுக்கம் கூட, கால் சுத்துத் தளர்த்தும். இன்னொண்டு: உமக்குத் தேவை தூரம், பவர் இல்லை. நல்ல ஹொப்-அப் ரப்பரும் (குண்டைச் சுழல வைச்சுத் தூரம் போக வைக்கிறது) 0.28 பிபியும் போட்டா அதே 1.14 ஜூல்ல 296 எஃப்.பி.எஸ்.தான் காட்டும், ஆனா 0.20ஐ விட நேராகவும் தூரமாகவும் போகும். பேரலைப் பிறகு பாப்பம்.

புதுசா_வந்தவன்: லாட்சை விட்டுட்டேன், 'டப்'னு கேட்டுச்சு. ஓ ரிங் தேஞ்சு போயிருக்கு, ஆர்டர் பண்ணினா திங்கள்தான் வருமாம்.

க்ராய்டன்_அக்கா: அப்ப ஞாயித்துக்கிழமை சைட்லயே வாடகைக்கு எடுத்துக்கோ. யுகாராவுக்கு 56 நாளுக்குக் குறையாத காலத்துல மூணு கேம் ஆடியிருக்கணும்னு கேப்பாங்க, வாடகைத் துப்பாக்கியில ஆடினாலும் கணக்குல வரும். கேம் முடிஞ்சதும் பதிவேட்டுல உன் பேரை எழுதினாங்களான்னு பார்த்துட்டு வா.