ஈ.பி.கே.எம். ஏறினால் பஸ் நல்லா ஓடுதுன்னு அர்த்தமா? மாநகரப் பேருந்து அறிக்கைச் சொற்கள்: விவாதம்

வெள்ளைப்பலகை:
சென்னை மாநகரப் பேருந்து பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நாலைந்து சொல்தான் சுத்திச் சுத்தி வருது. ஈ.பி.கே.எம்., லோடு ஃபேக்டர் (சீட் எவ்வளவு நிறையுது), ஃப்ளீட் யூட்டிலைசேஷன் (கையில இருக்கிற வண்டியில எத்தனை ரோட்டுல ஓடுது), தினசரிப் பயணிகள். நான் சொல்றது இதுதான்: இது எல்லாமே வண்டியையும் கல்லாவையும் அளக்குது. ஸ்டாப்பிங்ல நிக்கிறவரை அளக்கிற சொல் இதுல ஒண்ணுகூட இல்லை.

ஈ.பி.கே.எம். அதாவது கிலோமீட்டருக்கு வருவாய். அதையே எடுத்துக்குவோம். கணக்குக்காக ஒரு தடம்: 20 கி.மீ., ஒரு வண்டிக்கு நாளைக்கு 10 நடை. மொத்தம் 200 கி.மீ., கலெக்‌ஷன் 7,000 ரூபாய். ஈ.பி.கே.எம். 35. ராத்திரி கடைசி ரெண்டு நடையில தலா 300 ரூபாய்தான் வருதுன்னு அதை கட் பண்ணிடுங்க. இப்போ 160 கி.மீ., 6,400 ரூபாய். ஈ.பி.கே.எம். 40! சேவை குறைஞ்சது, கையில வந்த காசும் குறைஞ்சது, அறிக்கை மட்டும் "முன்னேற்றம்"னு சொல்லும். இப்படி ஒரு அளவுகோலை முதல் பக்கத்துல போடலாமா?

பணிமனை மேசை:
கூட்டல் கழித்தல் சரி. முடிவுதான் அவசரம். ரத்தான 40 கி.மீ.க்கு டீசல் யார் போடுவது? லிட்டருக்கு 4.5 கி.மீ. என்று வைத்தால் கிட்டத்தட்ட 9 லிட்டர், 820 ரூபாய் பக்கம். போனது 600. ஆக அன்றைக்கு 220 ரூபாய் மிச்சம். டயர், உதிரிபாகத் தேய்மானம் தனி. எந்த அளவுகோலையும் தனியாகப் படித்தால் ஏமாற்றத்தான் செய்யும். ஈ.பி.கே.எம். பக்கத்திலேயே சி.பி.கே.எம்., அதாவது கிலோமீட்டருக்குச் செலவு, ரத்தான கிலோமீட்டர் இரண்டையும் வைத்துப் படிப்பதுதான் முறை.

நீங்கள் விட்ட ஒன்று டெட் கிலோமீட்டர். பணிமனையிலிருந்து முதல் ஸ்டாப்புக்கும், கடைசி ஸ்டாப்பிலிருந்து பணிமனைக்கும் வண்டி காலியாக ஓடும் தூரம். உங்கள் வண்டிக்கு அது 15 கி.மீ. என்றால் 7,000-ஐ 200-ஆல் வகுத்தால் 35, 215-ஆல் வகுத்தால் 32.56. டீசல் கணக்கில் 215, வருவாய்க் கணக்கில் 200 என்று கலந்து எழுதினால் நஷ்டம் தானாகச் சுருங்கித் தெரியும். ஏமாற்று என்று யாராவது சொல்ல வேண்டுமானால் முதலில் இதைச் சொல்லட்டும்.

வெள்ளைப்பலகை:
நீங்க சொன்னதை வச்சே வர்றேன் சார். நிஜமான மிச்சம் 220 ரூபாய். 160 கி.மீ.க்கு வகுத்தா கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசுகூட வராது. ஈ.பி.கே.எம். காட்டினது 5 ரூபாய் ஏற்றம். டிரைவர், கண்டக்டர் சம்பளம் டியூட்டிக்குத்தான், நடைக்கு இல்லை. அதனால ரெண்டு நடையை வெட்டினா சி.பி.கே.எம்.மும் கூடவே ஏறும். அதை யாரும் தலைப்புல போடுறதில்லை.

இன்னொண்ணு, ராத்திரி 9:30 மணி நடை நிச்சயம் இல்லைன்னா அதுல திரும்புற ஆள் சாயந்திரம் 5 மணிக்குப் போற நடையிலயும் ஏறமாட்டார். பைக்கை எடுத்துடுவார். போன 300 ரூபாயோட இந்த டிக்கெட்டும் போச்சு. இதுக்கு எந்தப் பத்தியிலயும் இடம் கிடையாது.

அரைடிக்கெட்:
ரெண்டு பேரும் ஈ.பி.கே.எம்.லயே மல்லுக்கட்டுறீங்க. அதைவிடப் பெரிய கோளாறு லோடு ஃபேக்டர்.

பயணி கிலோமீட்டரை இருக்கை கிலோமீட்டரால வகுத்தா வர்றதுதான் லோடு ஃபேக்டர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் போக்குவரத்துக் கழகங்களைப் பற்றிப் போடுற ஆய்வறிக்கையிலும் ஏறக்குறைய இதே இலக்கணம்தான். 20 கி.மீ. நடை, 40 சீட். 800 சீட் கிலோமீட்டர். வழியில மொத்தம் 100 பேர் ஏறி இறங்குறாங்க, சராசரி 6 கி.மீ. போறாங்க. 600 பயணி கிலோமீட்டர். 75 சதவீதம். நிக்கிறதுக்கு 25 பேர் இடத்தையும் சேர்த்துக் கீழ 65 போட்டா 1,300. சதவீதம் 46. அதே பஸ், அதே ஜனம்! எதால வகுத்தீங்கன்னு சொல்லாத லோடு ஃபேக்டரை நான் படிக்கிறதே இல்லை.

அதுவும் டிக்கெட் காசை வச்சு லோடு ஃபேக்டர் போட்டா இன்னும் மோசம். ஸ்டேஜ் கட்டணம் (தடத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் போடுற கட்டணம்) தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்குக் குறையும். 5 ரூபாய் டிக்கெட்ல ஒரு ஸ்டேஜ் போறவர் கிலோமீட்டருக்கு அதிகமாக் கொடுக்கிறார். "எல்லாச் சீட்டும் கடைசி வரைக்கும் நிறைஞ்சா இவ்வளவு வரும்"ங்கிற தொகையால வகுத்தா, குறுந்தூர ஜனம் நிறைஞ்ச தடத்துல சதவீதம் ஊதிப்போய்த் தெரியும். நடுவழியில 70 பேர் தொங்கிட்டுப் போனதும் சராசரிக்குள்ள காணாமப் போயிடும். அதிகபட்சச் சுமை எந்த ஸ்டாப்ல, எத்தனை மணிக்குன்னு தனியா ஒரு பத்தி வேணும்.

தெம்பனிஸ்வாசி:
வெள்ளைப்பலகை கேட்கும் சொல் வேறு ஊர்களில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: கூடுதல் காத்திருப்பு நேரம். லண்டனில் 12 நிமிடத்துக்கு ஒன்று அல்லது அதைவிட அடிக்கடி வரும் தடங்களை இதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் 2014-இல் நிலப் போக்குவரத்து ஆணையம் பேருந்து நம்பகத்தன்மைத் திட்டத்தைத் தொடங்கியபோது இதையே எடுத்துக்கொண்டது. அளவு மேம்பட்டால் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை, கெட்டால் பிடித்தம்.

10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று அட்டவணை. பயணிகள் கடிகாரம் பார்க்காமல் வருகிறார்கள் என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இப்போது இரண்டு பேருந்து ஒட்டிக்கொண்டு வருகின்றன. இடைவெளி 10, 10 என்பதற்குப் பதில் 18, 2. அந்த 20 நிமிடத்தில் வருகிறவர்களில் 20-க்கு 18 பேர் நீண்ட இடைவெளியில் மாட்டிக்கொண்டு சராசரி 9 நிமிடம் நிற்பார்கள். 2 பேர் மட்டும் 1 நிமிடம். கூட்டி வகுத்தால் 8.2 நிமிடம். அட்டவணைப்படி வரவேண்டிய 5-ஐக் கழித்தால் 3.2 நிமிடம் கூடுதல்.

அன்றைய கிலோமீட்டர் முழுதாக ஓடியாயிற்று. வண்டிகள் அத்தனையும் சாலையில். முன்னால் வந்ததில் 90 பேர், பின்னால் வந்ததில் 10 பேர், சராசரி 50. உங்கள் நான்கு சொற்களில் ஒன்றுகூட அசையாது.

பணிமனை மேசை:
அழகான கணக்கு. அண்ணா சாலைக்குக் கொண்டு வந்து பாருங்கள். சைதாப்பேட்டைக்குப் போகிறவர் ஒரே தடத்துக்காக நிற்பதில்லை. எது வந்தாலும் ஏறுவார். 15 நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று தடம் சீராக வந்தால் அவர் நிற்பது 2.5 நிமிடம். தடவாரியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 7.5 என்று வரும். தடவாரிக் கணக்கை அப்படியே அறிக்கையில் ஏற்றினால் நகரத்தின் நெரிசலான சாலைகள் எல்லாம் மோசம் என்று முடிவாகும்.

அடுத்தது, வண்டி வந்த நேரத்தைப் பதியும் ஜி.பி.எஸ். கருவி வேலை செய்யாத வண்டி உங்கள் கணக்கில் வராத வண்டி. 10 நிமிட இடைவெளியில் மூன்று வண்டி போகின்றன, நடு வண்டியின் கருவி ஊமை. பதிவில் இடைவெளி 20, காத்திருப்பு 10. இல்லாத 5 நிமிடத் தாமதத்தைக் கருவியே உண்டாக்கிவிட்டது. ட்ரிப் ஷீட்டில் நேரக் காப்பாளர் போட்ட நேரத்தோடு ஒப்பிட்டு இதைக் களைய வேண்டும். அந்த வேலையைத் தினமும் எத்தனை பணிமனையில், யார் செய்வது? கலெக்‌ஷனும் கிலோமீட்டரும் வேபில்லில், அதாவது கண்டக்டரின் அன்றாடக் கணக்குத் தாளில், அன்றிரவே முடிந்துவிடும். மறுநாள் காலை கிளை மேலாளர் கையில் இருக்கும். அதனால்தான் ஈ.பி.கே.எம். நிலைத்தது. சதி ஒன்றும் இல்லை.

வெள்ளைப்பலகை:
சரி, அப்போ ஃப்ளீட் யூட்டிலைசேஷன்? அதுவும் அன்றிரவே முடியுற கணக்குதான். கையில 100 வண்டி, ரோட்டுல 85, எனவே 85 சதவீதம். காலையில கேட்டைத் தாண்டின வண்டி 9 மணிக்கு பிரேக் டவுன் ஆகி நின்னாலும் அது "ரோட்டுல இருந்த வண்டி"தான். பகுதி சர்வீஸ் ஓடினதும் ஒண்ணு, 18 மணி நேரம் ஓடினதும் ஒண்ணு. கழிச்சுக்கட்டி ஏலத்துக்கு நிக்கிற வண்டிகளைக் கீழ இருக்கிற எண்ணுல இருந்து எடுத்துட்டா, ஒரு புது பஸ் வாங்காமலே சதவீதம் ஏறிடும்.

அரைடிக்கெட்:
பிரேக் டவுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 10,000 கி.மீ.க்கு எத்தனைன்னு போடுவாங்க. பஞ்சர் பிரேக் டவுனா? ஸ்பேர் பஸ் வந்து நடையை முடிச்சுட்டா அது கணக்குல உண்டா? ஆளுக்கு ஒரு பதில். இதை எழுதி வைக்காம ரெண்டு ஊரை ஒப்பிடுறது வீண் வேலை.

"பயணிகள்"ங்கிற சொல்லையும் விடாதீங்க. 2021 மே 8-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துல மகளிருக்குக் கட்டணம் இல்லை. பூஜ்ஜிய மதிப்புச் சீட்டு கொடுக்கிறாங்க. அந்தச் சீட்டு எண்ணிக்கையை எடுத்து "இத்தனை கோடி பெண்கள்"னு சிலர் எழுதுறாங்க. வேலைக்கு ஒரு பஸ் மாறிப் போறவங்க போக 2, வர 2, நாளைக்கு 4 சீட்டு. மாசம் 25 நாள்ன்னா 100 சீட்டு. ஆள் ஒருத்தர்தான்! அமெரிக்காவுல கூட்டாட்சி அரசுக்குக் கொடுக்கிற புள்ளிவிவரத்துல பஸ்ல ஏறுற ஒவ்வொரு தடவையையும் தனிப் பயணமாத்தான் எண்ணுறாங்க, ஆனா அதுக்கு "இணைக்கப்படாத பயணம்"னு பேரே வச்சிருக்காங்க. படிக்கிறவனுக்குக் குழப்பம் இல்லை. இங்க "ஏற்றம்"னு ஒரு சொல் போதும்.

பாஸ் வச்சிருக்கிறவர் கணக்கு இன்னும் வேடிக்கை. சீட்டே கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை ஏற்றம்னு ஒரு அனுமான எண்ணால பெருக்குவாங்க. அந்த எண்ணை மாத்தினா ஒரே ராத்திரியில லட்சக்கணக்குல ஜனம் கூடும்.

பணிமனை மேசை:
இதில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஒன்று சேர்க்கிறேன். மகளிர் இலவசப் பயணத்துக்காக அரசு தரும் ஈட்டுத்தொகையைச் சேர்க்காமல் 2021-க்கு முந்தைய ஈ.பி.கே.எம்.மையும் பிந்தையதையும் ஒப்பிடக் கூடாது. சாதாரணப் பேருந்தையும் டீலக்ஸையும் ஒப்பிடுவதும் அப்படியே. கூட்டத்தில் கண்டக்டர் இரண்டு ஸ்டேஜ் தாண்டிப் பூஜ்ஜியச் சீட்டை மொத்தமாக அடித்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஏறிய இடம் தவறாகும். அதை வைத்துப் பயணி கிலோமீட்டர் போட்டால் தூரம் குறைந்து வரும்.

தெம்பனிஸ்வாசி:
மொத்தச் செலவு ஒப்பந்தம் பரவும்போது இந்தச் சண்டை இன்னும் பெரிதாகும். அதில் தனியார் வண்டியை ஓட்டுகிறார், டிக்கெட் காசு அரசுப் பக்கம், அவருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு. சென்னையின் மின்சாரப் பேருந்துகள் இந்த முறையில்தான் வந்தன. அவருக்கு ஈ.பி.கே.எம். எவ்வளவாக இருந்தாலும் ஒன்றுதான். ஒட்டிக்கொண்டு ஓடினாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். ஒப்பந்தத்தில் டெட் கிலோமீட்டருக்குப் பணம் உண்டா, உறுதி செய்த குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, சாலை நெரிசலால் ஓடாத தூரத்துக்குப் பிடித்தம் உண்டா, இந்த மூன்றின் இலக்கணத்தில்தான் காசே இருக்கிறது. லண்டனில் ஊழியர் குறைவாலும் பழுதாலும் இழந்த கிலோமீட்டருக்குப் பிடித்தம் உண்டு, நெரிசலால் இழந்ததற்கு இல்லை. காத்திருப்பு அளவு இல்லாமல் கிலோமீட்டருக்கு மட்டும் பணம் கொடுத்தால் கிலோமீட்டர்தான் கிடைக்கும்.

பணிமனை மேசை:
ரத்தான கிலோமீட்டரைக் காரணவாரியாக, மணிவாரியாகப் பிரித்துப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆள் வராதது, பழுது, நெரிசல் என்று. தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கூடுதல் காத்திருப்பைத் தடவாரியாக வெளியிடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். சாலைவாரியாக, கருவிக் கோளாறைக் களைந்த பிறகு என்றால் பேசலாம்.

வெள்ளைப்பலகை:
சாலைவாரின்னா முதல்ல அண்ணா சாலை வேணாம் சார், அங்க எப்படியும் நல்லாத்தான் வரும். ஒரே ஒரு தடம் மட்டும் போற உட்பகுதியில ஆரம்பிங்க. அங்க சைதாப்பேட்டை வாதமும் செல்லாது, வேற பஸ்ஸும் கிடையாது.