புதுப்பிப்பு: ஸ்னேர்ஸ் தீவுகளுக்குப் பெயர் வைத்தது யார்?

நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குத் தெற்கே சுமார் 200 கி.மீ. தள்ளி, ஆளில்லாமல் கிடக்கும் ஸ்னேர்ஸ் தீவுகள் பற்றிய என் இழையில் கேட்ட கேள்விக்குப் பதில்.

1791 நவம்பர் 23. ஒரே பயணத்தில் வந்து, புயலில் பிரிந்த இரு கப்பல்கள் அதே நாளில் தனித்தனியாக இவற்றைக் கண்டன. டிஸ்கவரி கப்பலின் தலைவர் வான்கூவர், கப்பல்களைச் சிக்கவைக்கும் கண்ணிகள் என்று பயந்து ஸ்னேர்ஸ் (ஆங்கிலத்தில் ‘கண்ணிகள்’) என்றார். சாத்தம் கப்பலின் தலைவர் புரோட்டன் சூட்டிய ‘நைட்ஸ் தீவு’ எடுபடவில்லை. ஆனால் தொகுதியின் இரண்டாவது பெரிய தீவுக்கு அவர் பெயர்தான்! நியூசிலாந்துப் பழங்குடியினரின் மொழியான மாவோரியில் இவை தினி ஹெக்கே.

எனக்குப் பிடித்தவை மேற்கே ஒதுங்கி நிற்கும் ஐந்து பாறைத்திட்டுகள்: தாஹி, ருவா, தோரு, ஃபா, ரிமா. மாவோரியில் ஒன்று முதல் ஐந்து வரை, அவ்வளவே. பெயர் வைத்தவருக்கு அலுத்துவிட்டது போல.