ஒரே ஆங்கிலச் சொல், வெவ்வேறு பொருள்: குழந்தைக்கு விளக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு, பட்டர்வொர்த்தில் பாலர்பள்ளிக்குச் செல்லும் என் 6 வயது மகள், மட்டையைக் குறிக்கும் 'பேட்' என்னும் சொல்லே வௌவாலையும் குறிப்பது ஏன் என்று கேட்டு என்னைத் திணறவைத்துவிட்டாள். பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' சிரமம் தரவில்லை. பாதம், நீள அளவு, மலையின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்றையும் நம் 'அடி' என்னும் சொல்லும் சுட்டுவதால், அதைக் கொண்டே விளக்கிவிட்டேன். (என்னிடம் வாங்கும் அடியையும் அவளே சேர்த்துக்கொண்டாள்.) ஆனால் 'பேட்' அப்படியன்று, வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த இரு சொற்கள் காலப்போக்கில் ஒரே வடிவத்தை அடைந்தன என்பதைச் சிறு பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது? 'அடி' போலத் தமிழோடு பொருந்தும் அன்றாட ஆங்கிலச் சொற்களைத் தெரிவிக்குமாறும், இரு பொருள்களையும் ஒரே நாளில் கற்பிக்கலாமா என்பதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் கூறுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.