நுளம்புக்கும் இன்சுலின் இருக்கா?

குளக்கட்டுப் பெடியன், கிளிநொச்சி:
அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசி. இரணைமடுப் பக்கம் பொழுதுபட்டால் நுளம்பு பிய்த்தெடுக்கும். அவவைக் கடிக்கிற நுளம்பை அந்த இன்சுலின் ஏதும் செய்யுமா? அதற்கே சொந்தமாக இருக்கா?

முறிகண்டியான்:
இருக்கு. டெங்கு பரப்புற ஈடிஸ் எஜிப்டியில் இன்சுலின் மாதிரியான பெப்டைடுகள் (சின்னப் புரதங்கள்) 8. எங்களுக்கு இன்சுலின் கணையத்தில் சுரக்கும்; நுளம்புக்குக் கணையம் ஏது, முக்கியமான சில மூளையில்தான் சுரக்கின்றன. பெண் நுளம்பு வயிறு முட்ட இரத்தம் குடித்ததும், 3ஆம் இலக்கப் பெப்டைட் சூலகத்தைத் தூண்ட, அது எக்டைசோன் என்ற ஹோர்மோனைச் சுரக்க, அதன்பின் கொழுப்புடலம் (எங்கட ஈரல் மாதிரியான உறுப்பு) முட்டைக்கான மஞ்சட்கருப் புரதத்தைச் செய்யத் தொடங்கும். சர்க்கரை, கொழுப்புச் சேமிப்பும் அந்தப் பெப்டைடின் வேலைதான்.

வவுனியா ரீச்சர்:
பழ ஈயிலும் 8. பூச்சிகளில் இந்த வகைப் பெப்டைட் முதலில் பிடிபட்டது பட்டுப்பூச்சியில், பெயர் பொம்பிக்சின், 1980களில். அம்மம்மா விசயம்: மனித இன்சுலின் கலந்த இரத்தத்தை மலேரியா பரப்புற அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்புக்கு ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஆயுள் குறைந்தது. ஆனால் மலேரியாக் கிருமி கூடுதலாகத் தொற்றியது. அதனால் வலையைக் கழற்றிவிடாதேயும் தம்பி.

குளக்கட்டுப் பெடியன்:
சரி ரீச்சர். அப்ப இரத்தமே குடிக்காத ஆண் நுளம்புக்கு இது எதுக்கு?

முறிகண்டியான்:
அதுவும் பூந்தேன் குடிக்குதுதானே, அந்தச் சீனியை யார் பார்க்கிறது?