பயிலரங்கு வைத்தும் வகுப்பு மாறவில்லை, வேறு என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் துறையில் 24 ஆசிரியர்கள். பாடத்தில் ஒருவரும் சோடை இல்லை. ஆனால் வகுப்பு தொடங்கி 20 நிமிடம் ஆனால் பின்வரிசை முழுக்க போனில் இருக்கிறது. போன வருடம் கற்பித்தல் மேம்பாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வெளியிலிருந்து ஆளை அழைத்து ஒரு நாள் பயிலரங்கு வைத்தேன், எல்லோரும் நன்றாக இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வராண்டாவில் நடந்தபோது எட்டிப் பார்த்தால் அதே ஸ்லைடுகள், திரையைப் பார்த்து அப்படியே வாசிப்பு. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நமக்குப் பாடம் நடத்த யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வகுப்புக்குள் அனுப்பிவிட்டார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எது உண்மையில் பலன் தந்தது?

பதில் 1:
பயிலரங்கில் கேட்டது அவரவர் வகுப்புக்குள் வந்து சேராது, அங்கே யாராவது கூட இருக்க வேண்டும். நாங்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்தோம். முதல் நாளே, எதைக் கவனிக்க வேண்டும் என்று வகுப்பு எடுப்பவரே சொல்லிவிடுவார். என் சக ஆசிரியர், "நான் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் பார்" என்றார். எண்ணிப் பார்த்தேன், பெரும்பாலும் ஒரு நொடி கூட இல்லை, "புரிந்ததா? சரி, அடுத்து" என்று போய்க்கொண்டே இருந்தார். பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ 1970-களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: காத்திருப்பை 3 நொடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். அடுத்த வகுப்பில் அவர் மனதுக்குள் மூன்று வரை எண்ணினார். அந்த அமைதி அவருக்கே தாங்கவில்லை என்றார், ஆனால் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் அந்த வருடத்தில் முதல் முறையாகப் பேசினாள்.

ஒன்று மட்டும் கறாராக இருங்கள். பார்த்ததை எழுதும் தாள் வகுப்பு எடுத்தவர் கையில்தான் இருக்க வேண்டும், பதவி உயர்வுக் கோப்புக்குள் போனால் அப்புறம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

பதில் 2:
முழுப் பாடத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள், ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி போதும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் கண்டது இதுதான்: சூத்திரம் போட்டு கடினமான கணக்கைப் போடுகிற மாணவர்கள், அதே பாடத்தின் எளிய அடிப்படைக் கேள்வியில் தடுமாறினார்கள். அப்புறம் அவர் ஒரு கருத்துக் கேள்வியைத் திரையில் போட்டு, தனியாக யோசித்து வாக்களிக்க வைத்து, வகுப்பு பிரிந்து நின்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி, திரும்ப வாக்கெடுக்க ஆரம்பித்தார். இப்போதுதான் புரிந்துகொண்ட பையன் பக்கத்துப் பையனுக்குச் சொல்வது சில நேரம் நம் விளக்கத்தைவிட நன்றாக ஏறுகிறது. கருவி எதுவும் வேண்டாம், கை தூக்கினாலே போதும். கஷ்டம் எல்லாம் நல்ல கேள்வி அமைப்பதில்தான், அதைத் துறையாக உட்கார்ந்து செய்யுங்கள், அந்தக் கூட்டமே பெரிய பயிற்சி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒரு பயம் இருக்கிறது. ஒருவர் இப்படி முயன்று பார்த்தார், "சார் பாடமே நடத்துவதில்லை" என்று மாணவர்கள் கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டார்கள். மனிதர் உடைந்துபோய் பழையபடி ஸ்லைடுக்குத் திரும்பிவிட்டார்.

பதில் 3:
இது அவர் ஒருவருக்கு நடந்தது அல்ல, அவரிடம் சொல்லுங்கள். 2019-இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். தெளிவான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தானே மல்லுக்கட்டும்போது அப்படி இருக்காது, அவ்வளவுதான். 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்கள் ஈடுபட்ட வகுப்புகளில் 22. இந்த எண்களை முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கருத்தையும் பருவக் கடைசி வரை விடாமல் ஐந்தாவது வாரமே துண்டுச்சீட்டில் கேட்டு, அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது மறுவாரம் மாற்றிக் காட்டினால் படிவத்தின் தொனியே வேறாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, அவரிடம் போய்ப் பேசுகிறேன். வியாழக்கிழமை என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அவரையே வந்து உட்காரச் சொல்லப் போகிறேன், நான் எத்தனை நொடி காத்திருக்கிறேன் என்று அவர் எண்ணட்டும்.